ரோந்து சைக்கிள் மோதிய கை

விழுந்தவுடன் வலிக்கவில்லை. எழுந்திருக்கக் கையை ஊன்றப் போனபோதுதான் பார்த்தேன். வலது மணிக்கட்டு முள்கரண்டியின் முதுகு போல வளைந்திருந்தது. நான் பல் மருத்துவர். அந்தக் கைதான் என் பிழைப்பு.

மெட்டுகுடா கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தபோது, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் வேகமாக வந்த போலீஸ் ரோந்து சைக்கிள் என்மேல் மோதியது. ஓட்டி வந்தவள் சுஜாதா என்ற இளம் கான்ஸ்டபிள். தன் முழங்கையில் ரத்தம் வழிய, அவளே என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம், "தப்பு நாதே, மேடம்" என்று தன் தவறைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ளது) நொறுங்கியிருந்தது. தகடு வைத்தார்கள். "எலும்பு சேர்ந்துடும். பிடி எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நானும் நோயாளிகளிடம் இப்படித்தான் பேசியிருக்கிறேன். கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

காவல் நிலையத்திலோ, நான் பார்க்காமல் குறுக்கே வந்ததாக எழுதிவைத்திருந்தார்கள். என் கணவர் ரகு கொதித்துப்போனார். "அந்தப் பொண்ணோட வேலை போகணும்."

"அவ வேலை போனா என் கை சரியாயிடுமா?"

"நக்கோ, வேண்டாம், சமாதானமே பேசாதே."

வக்கீல் பொறுமையாக விளக்கினார். "சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லை. அதனால விபத்துத் தீர்ப்பாயம், இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. ஆனா டியூட்டியில இருந்த போலீஸோட கவனக்குறைவுக்கு அரசாங்கம் பொறுப்புன்னு சிவில் கோர்ட்ல கேட்கலாம். முதல்ல நோட்டீஸ் அனுப்பணும். ரோந்து அரசோட கடமை, அதுக்கு வழக்கே போட முடியாதுன்னு அரசுத் தரப்புல வாதாடுவாங்க. தயாரா இருங்க."

வழக்கு ஊர்ந்தது. இயன்முறை சிகிச்சையும் (பயிற்சியால் அசைவை மீட்பது) ஊர்ந்தது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் அழுகை வந்த காலைகள் உண்டு. இதே நிலையில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: அழுது முடித்ததும் அடுத்த பொத்தானுக்குப் போங்கள்.

கோர்ட்டில் சுஜாதா சாட்சி சொன்ன நாளை மறக்க மாட்டேன். மேலதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"வயர்லெஸ்ல கூப்பிட்டாங்க. சுத்திப் போனா நேரமாகும்னு எதிர்ப்பக்கம் வந்தேன். மேடம் பார்த்துதான் கடந்தாங்க."

அரசே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. சுஜாதாவுக்குத் துறை விசாரணை நடந்தது, எச்சரிக்கையோடு விட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் தீர்ப்பு எனக்கு இனித்தது. வெளியே வந்ததும் ரகு அவளிடம் போய், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

பழைய பிடி முழுதாகத் திரும்பவில்லை. ஒரே இழுப்பில் பல் பிடுங்கிய காலம் முடிந்தது. இப்போது கைக்கு என்ன முடியும் என்று கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுக்கிறேன். இடையில் நிறுத்தி விரல்களை நீட்டிக்கொள்கிறேன். வீணாகப் போவதாகத் தோன்றிய அந்த நேரம் இப்போது உறுத்துவதில்லை.

சென்ற வாரம் என் லோத்குண்டா கிளினிக்கில் ஒரு பெண், பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுத்த கடைவாய்ப் பல்லைத் தட்டில் வைத்துவிட்டு விரல்களை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர்," என்றார் கண்ணைத் திறக்காமலே, "எப்ப ஆரம்பிப்பீங்க?"