சகலைக்காக நான் அணைத்த கற்பூரம்

போன தை மாதம் உத்திரமேரூர் மளிகைக் கடையில் என் சகலை ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். காலாவதி தேதி பார்க்கிறார் என்று நினைத்த கடைக்காரர், நேற்று வந்த சரக்குதான் சார் என்றார். சகலை சிரித்தார். தேதி இல்லையாம், எந்த நாட்டுக் கம்பெனி என்று பார்க்கிறாராம். கனடாவில் இப்போது ஜனங்கள் எல்லோரும் இப்படித்தான், அமெரிக்கா சரக்கு என்று தெரிந்தால் மறுபடியும் அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள் என்றார். பக்கத்து நாட்டுக்காரன் நம் சாமானுக்கு வரி போடுகிறான், அது போதாதென்று உங்கள் நாட்டையே எங்களுக்கு ஒரு மாநிலமாகக் கொடுத்துவிடுங்கள் என்கிறான், அப்படிப்பட்டவன் பிஸ்கட்டை நாம் ஏன் தின்ன வேண்டும் என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இவரு நம்ம சகல" என்று தெரியாதவர்களுக்கும் சொல்லி வைத்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். வயதில் எனக்குச் சின்னவர், படிப்பில் என்னைவிட எத்தனையோ மடங்கு பெரியவர். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நெல் மண்டியில் மூட்டை தூக்கித்தான் என் கணக்கு தொடங்கியது. அங்கிருந்து மாட்டு வண்டி, வண்டியிலிருந்து டிராக்டர், டிராக்டரிலிருந்து அறுவடை இயந்திரம் என்று நானாக ஏறி வந்தேன். இன்றைக்கு அறுவடை சமயத்தில் மாகறலிலிருந்து திருமுக்கூடல் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் வண்டி இறங்காத கழனி எது என்று. ஒருத்தன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான் என்று சொல்ல முடியாது. ஊரில் எந்தப் பஞ்சாயத்து என்றாலும் எனக்கு ஒரு நாற்காலி போட்ட பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். இதையெல்லாம் சொன்னால்தான் என் வாக்குக்கு இந்த ஊரில் இருந்த எடை உங்களுக்குப் புரியும்.

சகலை கனடாவுக்குப் போய் அங்கே ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் மின்சார வேலைக்குச் சேர்ந்தார். தொழிற்சங்கத்திலும் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் வரும். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒலியைக் கூட்டி வைத்துவிடுவேன், கூட்டம் சேர்ந்துவிடும். அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டரே இல்லை என்று சொன்னார். அதே வியாதி எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் வந்திருந்தால் வீட்டை விற்றிருக்க வேண்டுமாம். வைத்தியத்தைக் கடைச் சரக்காக ஆக்கிவிட்டால் ஏழை செத்துப்போவான், அதனால் அதைப் பொதுவில் வைத்திருக்கிறோம், அதற்குப் பணக்காரன் அதிகம் வரி கட்டுகிறான், கட்டத்தான் வேண்டும் என்பார். காலேஜ் வாத்தியார் ஒருத்தர் அந்தக் கூட்டத்துக்கு வருவார். அவரே என்னிடம்தான் சந்தேகம் கேட்பார். கனடா நாட்டுக் கொள்கையில் இந்தத் தாலுகாவிலேயே எனக்கு மிஞ்சி ஆள் கிடையாது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நான் தேறிவிட்டேன்.

அவர் சொன்னதிலேயே என் புத்தியில் ஆணி அடித்ததுபோல் இறங்கியது தண்ணீர் விஷயம். கனடாவில் ஏரிகளுக்குக் கணக்கே இல்லை. பக்கத்தில் அமெரிக்காவில் சில பக்கம் காய்ந்து கிடக்கிறது. அவர்கள் குழாய் போட்டு எடுத்துக்கொள்ளக் கண் வைத்திருக்கிறார்கள். கனடாவில் சகலையைப் போன்றவர்கள் கூடாது என்று தெருவில் இறங்கினார்கள். ஏன் கூடாது என்றால், அங்கே மூன்று நாடுகளுக்குள் ஒரு வியாபார ஒப்பந்தம் இருக்கிறது. தண்ணீரை ஒரு தடவை சரக்கு என்று விற்றுவிட்டால், அப்புறம் எங்களுக்கே பற்றவில்லை என்று நிறுத்தினாலும் வாங்கினவன் கோர்ட்டுக்குப் போவான் என்கிற பயம். "கொழாய ஒரு தபா தொறந்துட்டா, மூடற கை நம்ம கை கெடையாதுண்ணே" என்று சகலை சொன்னார். நான் அதைக் கேட்டுவிட்டு ஏரிக்கரைமேல் கொஞ்ச தூரம் தனியாக நடந்தேன். திரும்பி வந்து டீக்கடையில் சொன்னேன்: நாமதான் கனடா, மெட்ராஸ்தான் அமெரிக்கா. இந்த உவமை என்னுடையது, சகலையுடையது அல்ல. அவரிடம் சொன்னபோது போனிலேயே கைதட்டினார்.

சும்மா சொன்ன உவமை இல்லை அது. அந்தச் சமயத்தில்தான் தாம்பரம் பக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் ஓட்டும் லாரிக்காரர்கள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்கள். எங்கள் மடையில் பாயும் கழனிகளில் எல்லோருக்கும் திறந்த கிணறுதான். ஏரித் தண்ணீர் நின்ற பிறகு கடைசி நாலு பாய்ச்சலுக்குக் கிணறுதான் கைகொடுக்கும். அங்கே ஒருத்தன் ஆழத்தில் போர் போட்டு லாரிக்கு ஊற்ற ஆரம்பித்தால் சுற்றியிருக்கிற கிணறெல்லாம் படுத்துவிடும். நான் மடைக்காரர்களை எல்லாம் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டேன். கனடா கதையைச் சொன்னேன், மெட்ராஸ் கதையைச் சொன்னேன். யாரும் போர் போடுவதில்லை, லாரிக்குத் தண்ணீர் விற்பதில்லை என்று ஆளுக்கொரு கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். எங்கள் பக்கம் பத்திரத்தில் போட்ட கையெழுத்தைக்கூட மாற்றிப் பேசுவார்கள், அணைத்த கற்பூரத்தை மாற்றிப் பேசமாட்டார்கள்.

என் கழனிக்கு ஒட்டினாற்போல் சகலையின் கழனி, அவர் அப்பா விட்டுவிட்டுப் போனது. சகலை கனடா போன நாளிலிருந்து நான்தான் உழுது பார்த்துக்கொள்கிறேன். ஆகவே என் கற்பூரத்தை அணைத்துவிட்டுத் தட்டில் இன்னொரு வில்லையை வைக்கச் சொன்னேன். பூசாரி யாருக்கு என்றார். என் சகலைக்கு என்றேன். பக்கத்தில் நின்ற என் பங்காளி என் முழங்கையைத் தட்டினான். எதற்கெடுத்தாலும் குறுக்கே ஒரு கேள்வி போடுகிறவன் அவன்.

"ஆளே இல்லாம சத்தியமா? ஒரு போன் போட்டு கேட்டுக்கோ."

"இதெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவருதான்டா. அவரையே கேக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், பங்காளியும் சேர்ந்துதான் சிரித்தான். சகலைக்காக எரிந்த கற்பூரத்தை என் உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். என் கற்பூரத்தைவிட அது நன்றாகவே சுட்டது என்று ஞாபகம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது சகலை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த வாரம் அங்கே சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் ஊரில் படிக்காத விவசாயிகள் கற்பூரத்தை அணைத்துத் தண்ணீரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னாராம். வெள்ளைக்காரர்கள் எழுந்து கைதட்டினார்களாம். உங்கள் பெயரையும் சொன்னேன் அண்ணே என்றார். நான் அதை ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

போன தையில் வந்தவர் எங்கள் வீட்டில்தான் தங்கினார். என் மனைவி அவருக்காகக் களி கிண்டினாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள். காலையில் கழனிக்குப் போய் வரப்பிலேயே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். மண் ஆசை என்று நினைத்தேன். என் கிணற்றில் குனிந்து பார்த்து, தண்ணீர் நல்ல மேலாக நிற்கிறதே என்றார். கட்டுப்பாடு காத்த தண்ணீர் அது என்று நான் பெருமையாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். கிளம்பும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார்.

அவர் போய்ப் பங்குனி பிறந்திருக்கும். நடவு வேலை கேட்க வந்த பெண்கள்தான், சகலை கழனியில் போர் வண்டி இறங்கியிருக்கிறது என்றார்கள். வெளிநாட்டுக்காரன் நிலம், கேட்க நாதியில்லை என்று எவனோ புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனேன், பங்காளியும் கூட வந்தான். வண்டியை நிறுத்துடா என்று நான் போட்ட சத்தத்தில் மிஷின் ஓட்டுகிறவன் இறங்கியே விட்டான். சண்டைக்கு வராமல் ஒரு நம்பரைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று வழக்கம்போல் ஒலியைக் கூட்டினேன்.

"அண்ணே, அவங்கள வுட்டுடுங்க. நான்தான் போடச் சொன்னேன்."

"இன்னா சகல சொல்ற? லாரிக்காரனுக்கா?"

"லீசுக்கு குடுத்துட்டேண்ணே. தையிலேயே முடிஞ்சிருச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்…"

"கற்பூரம் அணைச்சிக்கீதே, சகல."

மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் குரல் வந்தது.

"நீங்கதானே அணைச்சீங்க. நான் அணைக்கலியே அண்ணே."

வெயிலில் நின்ற அத்தனை பேரும் என் கையிலிருந்த போனையே பார்த்தார்கள். கனடாவில் வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறிவிட்டது, மகள் சம்பளம் வாடகைக்கே போகிறது, அரசாங்கம் வீட்டு விஷயத்தைக் கைவிட்டுவிட்டது என்று அவர் காரணம் சொல்லிக்கொண்டே போனார். பொய் என்று சொல்லமாட்டேன். குழாயைத் திறந்தால் மூட முடியாது என்று நீதானே சொன்னாய் என்று கேட்டேன்.

"அது இங்கண்ணே. இங்க சட்டம் கீது, கேக்கறதுக்கு ஜனம் கீது. அங்க நான் ஒருத்தன் நல்லவனா இருந்து இன்னா ஆவப்போவுது? நான் குடுக்கலன்னா பக்கத்துக் கழனிக்காரன் குடுப்பான்."

பக்கத்துக் கழனிக்காரன் நான். அதை அவர் மறந்து பேசினாரா, நினைத்துத்தான் பேசினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் அந்த ஒரு வார்த்தைதான் என்னை அறுக்கிறது. நிலம் அவருடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். இத்தனை வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் மெய்யாகவே நம்பியிருக்கிறேன் என்பதைக்கூட அவர் நம்பவில்லையே. பொது என்று அவர் சொன்னபோதெல்லாம் எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருடைய பொது அந்த நாட்டு எல்லைக்குள்ளேயே முடிந்துவிட்டது. அமெரிக்காவுக்கு அவர் எப்படியோ, எல்லைக்கு வெளியே இருக்கிற நாங்கள் அவருக்கு அப்படித்தான்.

லாரி இப்போது பட்டப்பகலிலேயே ஓடுகிறது. நெல் ஏற்றிய வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்ட பாதையில் தண்ணீர் லாரிக்கு ஒதுங்குகிறோம். போன மாதம் சகலை குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ அனுப்பினார். பனி கொட்டும் தெருவில் கூட்டத்தோடு அட்டை பிடித்து நிற்கிறார், எங்கள் தண்ணீர் விற்பனைக்கு இல்லை என்று. என் மனைவி முழுதாகப் பார்த்தாள். "நல்லாத்தான் பேசறாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். தங்கையோடு அவள் பேசி எவ்வளவு நாள் ஆகிறது என்று நான் கேட்பதில்லை.

நேற்றுக் காலையில் மடைக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பங்காளிதான் முன்னால் நின்றான். இரண்டு பேர் கிணறு ஏற்கெனவே படுத்துவிட்டது, லாரிக்காரன் போர் போட முன்பணத்தோடு நிற்கிறான். ஆனாலும் அம்மன் முன்னால் அணைத்ததை மீற அவர்களுக்குப் பயம். கூட்டத்தைக் கூட்டியவன் நான், மீறப்பட்ட சத்தியத்துக்குக் கற்பூரம் அணைத்த கையும் என் கை. ஆகவே கட்டுப்பாடு முடிந்தது என்று என் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உங்கள் இஷ்டம் போல் செய்யுங்கள், அம்மன் கேட்டால் என்னைக் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், என் குணம் நிறுத்தவிடவில்லை.

"ஆனா சகலைக்கு அணைச்சதுதான் போச்சு. எனக்கு அணைச்சது அப்பிடியேதான் கீது. எவன் வந்தாலும் நான் ஒரு சொட்டு விக்கமாட்டேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பங்காளி சிரித்திருந்தால் ஒரு திட்டுத் திட்டியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னான்.

"சகல போர்தான் உன் கெணத்த மொத்தமா உறிஞ்சிடுச்சே. உன்கிட்ட விக்கறதுக்கு இன்னா கீது?"

அவர்கள் போன பிறகு கழனிக்குப் போனேன். என் கிணற்றின் அடியில் சேறு பிளந்து கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் போர் ஓடிக்கொண்டிருந்தது. லாரி நிரம்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் தண்ணீர் கேன் போடுகிற பையன் காலி கேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.