அத்தான் கட்டிய பை

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவர். முப்பது வருடத்தில் அவர் கட்டி அனுப்பிய பெட்டிகளில் ஒரு டம்ளர்கூட விரிசல் விட்டதில்லை. அங்கே எல்லோரும் அவரை 'தெர்மாகோல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் கோபமே கிடையாது. பட்டம் வாங்கியவர் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

வீட்டிலும் அதே கைதான். டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை, அந்த உறைக்கு ஒரு உறை. சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் நாங்கள் எழுந்து போய் டிவியிலேயே பட்டனைத் தேடுவோம்.

அக்காவின் சமையலறை ஜன்னலில் ஒரு மலை தெரியும். இருபத்திரண்டு வருடமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் அதைப் பார்த்துவருகிறாள். ஒரு தடவையாவது அதன் உச்சியில் நின்று தன் வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிச் சொல்லியே அத்தான் தள்ளிப்போட்டார். இந்த வருடம் அக்காவின் முழங்கால் வலிக்காக டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஏறணும்னா இந்த வருஷமே ஏறிடுங்க. அடுத்த வருஷம் கேட்டா நானே வேண்டாம்னுதான் சொல்லுவேன்" என்றார். அதற்கு மேல் அத்தானால் மழுப்ப முடியவில்லை. துணைக்கு நானும் வருவதாக முடிவானது.

கையில் மூன்று வாரம் இருந்தது. அக்கா புது ஷூவை வாங்கின மறுநாளே மாட்டிக்கொண்டாள். அதோடுதான் சமைத்தாள், துணி காயப்போட்டாள், நாலு மாடியும் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "பாத்திரம் தேய்க்க" என்பாள்.

அத்தான் தன் ஷூவைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை.

"போட்டுப் பழகுங்க. இல்லன்னா காலைக் கடிக்கும்" என்றாள் அக்கா.

"புதுச் சாமான். இடத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு கீறல் விழக் கூடாது" என்றார் அவர்.

பையை நான்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தண்ணீர் பாட்டில்களை மட்டும் அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டாள். மழைக்கோட்டு, டார்ச், பிளாஸ்திரி எல்லாவற்றுக்கும் முதலில் செய்தித்தாள், அப்புறம் குமிழ் பிளாஸ்டிக், அதற்கு மேல் டேப். இடைவெளிகளில் பழைய காலுறைகளைத் திணித்தார். கடைசியில் பையைக் காதருகே தூக்கிக் குலுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. "பாத்தியா?" என்றார். மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் அந்தப் பைக்குள் ஒன்றும் உடையாது. உடைந்தால் நாங்கள்தான் உடைவோம்.

விசில் இரண்டு வாங்கியிருந்தார். ஒரு தடவை ஊதினால் நலம், மூன்று தடவை ஊதினால் ஆபத்து என்று ஏற்பாடு. அக்கா தன்னுடையதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவருடையது பைக்குள் பத்திரமாகப் போனது.

மலையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே அத்தான் நொண்ட ஆரம்பித்துவிட்டார். உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்த ஓய்வுக் கொட்டகையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினால், இரண்டு குதிகாலும் தோல் உரிந்து சிவந்திருந்தன. பிளாஸ்திரி பைக்குள் இருந்தது. டேப்பைப் பிய்க்கப் போய் என் நகம் போனது.

"கத்திரிக்கோல் எங்க, அத்தான்?"

"அது கூர்மையான சாமான். ரெண்டு சுத்து கூடுதலாச் சுத்தி நடுவுல வச்சிருக்கேன்."

கொட்டகைக் காவலரிடம் கத்தி கேட்டேன். "மலைக்குக் கத்தி கொண்டுவரக் கூடாதுன்னு கீழ எழுதியிருக்கே, பாக்கலையா?" என்று முறைத்தார். பிறகு வானத்தைப் பார்த்து, "உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம். மேகம் கூடுது. போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க" என்றார்.

அக்கா உச்சியைப் பார்த்தாள். அத்தானின் காலைப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, மெதுவா இறங்குவோம். பரவாயில்ல" என்றாள். அந்தப் 'பரவாயில்ல'வை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுவருகிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் பையை அவளிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார். குனிந்து அவள் ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"நீ போயிட்டு வா. நான் கட்டின பெட்டி எதுகூடயும் நான் போனதில்ல. எல்லாம் பத்திரமாத்தான் போய்ச் சேர்ந்துச்சு."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயமாத்தான் இருக்கு. மேல போனதும் ஒரு தடவை ஊது."

அக்காவும் நானும் கிளம்பினோம். கடைசி ஏற்றம் முழுக்கப் பாறை. அக்கா பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். உச்சியில் நின்று வெகுநேரம் தேடி, எங்கள் கட்டடத்தின் நீலத் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தாள். "அதுக்குக் கீழதான்டா என் ஜன்னல்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு விசிலை எடுத்து நீளமாக ஒரு தடவை ஊதினாள். கீழேயிருந்து பதில் இல்லை.

"அவர் விசில்தான் பொட்டலத்துக்குள்ள இருக்கே" என்றேன். அக்கா நகரவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். கீழேயிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. ஒரே ஒரு தடவை.

இறங்கி வந்து பார்த்தால், முழங்கால் உயரக் காகிதக் குவியலுக்கு நடுவே அத்தான் உட்கார்ந்திருந்தார். பல்லால் கடித்தே பிரித்திருக்கிறார். மீசையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் விசில் இருந்தது. குதிகால்கள் அப்படியேதான் இருந்தன.

"பிளாஸ்திரி போடலையா?" என்றாள் அக்கா.

"இன்னும் அது வரைக்கும் வரல" என்றார். மீசையிலிருந்து டேப்பைப் பிய்த்து எடுத்தார்.

"முப்பது வருஷமா எத்தனை வீட்டுல என்னைத் திட்டியிருப்பாங்க" என்றார்.