விதை முடிகிற இடத்தில் வேலி

அந்த மரப்பாத்திரத்துக்குள் தலையைக் கவிழ்த்து மூச்சை இழுத்தால் முதலில் வருவது பார்லியின் தூசி மணம், பிறகு பழைய மரத்தின் புளிப்பு, கடைசியாக அதன் இரும்பு வளையங்களிலிருந்து மழைக்கு முந்திய நிலத்தின் வாசம் போல ஒன்று. இப்போது அது என் மேசையில் இருக்கிறது, உள்ளே பல்கலைக்கழகக் குறிப்புகள். வருகிற அன்ரிமார் "இதென்ன பிள்ளை, குப்பைக் கூடையோ?" என்று கேட்பார்கள். இல்லை, இதன் பெயர் "ஸ்கெப்ப". டென்மார்க்கில் ஒரு காலத்தில் இதனால் தானியம் அளந்தார்கள். அதோடு நின்றார்களா என்றால் இல்லை, இதனாலேயே நிலத்தையும் அளந்தார்கள். ஒரு ஸ்கெப்ப விதை எவ்வளவு நிலத்துக்குக் காணுமோ அவ்வளவும் ஒரு ஸ்கெப்ப நிலம். எட்டு ஸ்கெப்ப சேர்ந்தால் ஒரு பீப்பா, ஒரு பீப்பா விதைக்கிற நிலம் ஒரு பீப்பா நிலம்!

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மெல்பேர்னுக்கு வந்து ஒன்றரை வருஷம், த பேசின் என்கிற இடத்தில், மலையடிவாரத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஒரு கந்தோரில் படவரைஞர். அந்தத் தெருவில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து அந்த மலையடிவாரம் முழுவதிலும் நாங்கள் ஒரு வீடுதான் தமிழ். பக்கத்து வீட்டில் நீல்ஸ் அங்கிளும் இங்கர் அன்ரியும். அவர் தச்சு வேலையை விட்டு ஓய்ந்தவர், நெஞ்சு சுகமில்லாதவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கருக்கு மேல் புல் நிலம் சும்மா கிடந்தது.

அந்த வருஷம் ஊரிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. "நீ இனி அங்கைதானே இருக்கப் போறாய், உனக்கென்னத்துக்குக் காணி? உன்ர மூண்டு பரப்பையும் தங்கச்சியின்ர சீதனத்தோட சேப்பம்" என்று எழுதியிருந்தார். அப்பா குசினி மேசையிலேயே கையெழுத்து வைத்தார், தபாலில் போட்டார், பிறகு பின்படியில் போய் நின்றார். "சாப்பிட வாங்கோவன்" என்று அம்மா மூன்று தரம் கூப்பிட்டும் அசையவில்லை.

வேலிக்கு மேலாக நீல்ஸ் அங்கிள்தான் கேட்டார், என்ன விஷயம் என்று. அப்பா மூன்று பரப்புக் காணி கைவிட்டுப் போனதைச் சொன்னார். பரப்பு என்றால் என்னவென்று கேட்க, எங்கள் ஊர் உறுதிகளில் "நெற்பரப்பு" என்றும் "வரகுப் பரப்பு" என்றும் எழுதுவதை, எந்த விதை விதைக்கிறோமோ அதற்கேற்ப நிலம் கூடிக் குறைவதை, தன் கந்தோர் ஆங்கிலத்தில் விளக்கினார். நீல்ஸ் அங்கிள் இருமலும் சிரிப்புமாக உள்ளே ஓடிப்போய், தன் தாய் வீட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த இந்த ஸ்கெப்பவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பொட்" என்கிற சின்ன அளவு பதினெட்டுக் கொண்டது ஒரு ஸ்கெப்ப என்று அவர் சொன்னதுதான் தாமதம், அப்பா வேலியில் ஓங்கி அடித்தார்.

"பதினெட்டோ! எங்கட பரப்புக்கும் பதினெட்டுக் குழி, நீல்ஸ்!"

"ஏனப்பா கத்திறியள்? பக்கத்துச் சனம் என்ன நினைக்கும்?" என்றா அம்மா உள்ளேயிருந்து.

"பக்கத்துச் சனத்தோடதானே கத்திறன்!"

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அப்பா சிரித்தது அன்றைக்குத்தான்.

நீல்ஸ் அங்கிள் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்: என் நிலம் சும்மா கிடக்கிறது, ஒரு ஸ்கெப்ப நிலம் நீ எடுத்துத் தோட்டம் செய், விதைத்துக்கொண்டு போ, விதை முடிகிற இடத்தில் வேலி. காகிதம் ஒன்றும் வேண்டாம். பாத்திரத்தைத் தானியத்தால் நிரப்பி, விளிம்போடு ஒரு கோலால் தலைதட்டிக் காட்டினார். கோபுரமாய்க் குவித்தால் அதற்குப் பெயர் "தொப்மோல்" என்றும், பிரியமானவர்களுக்கும் ஏழைகளுக்கும் தன் தாய் அப்படித்தான் அளப்பார் என்றும், ஆனால் நிலத்துக்கு எப்போதும் தட்டித்தான் அளக்கவேண்டும் என்றும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் மைலும் இறாத்தலும் போய் மீற்றரும் லீற்றரும் வந்திருந்தன. எனக்கு அது ஒரு பைத்தியம். வகுப்பில் தந்த ஒரு லீற்றர் பிளாஸ்டிக் குவளையோடு வீடெல்லாம் திரிந்து, அம்மா அரிசி அளக்கிற சுண்டை அளந்து, வாளியை அளந்து, ஸ்கெப்பவையும் அளந்து, பதினேழு லீற்றரும் கொஞ்சமும் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.

செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை. "வசந்தத்தில் யாராவது பார்லி விதைப்பார்களா?" என்று தீவனக் கடைக்காரன் சிரித்தபடி ஒரு சாக்குத் தந்தான். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பேணியால் ஸ்கெப்பவிலிருந்து அள்ளி அள்ளி எனாமல் கோப்பையில் போட்டு, "லாபம், ரெண்டு, மூண்டு" என்று எண்ணினார். ஊரில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபத்தில்தான் தொடங்குவார்கள். கோப்பையோடு எழும்பி, கையை வீசி விதைத்துக்கொண்டு தூரத்துக்குப் போனார். ஸ்கெப்பவுக்குக் காவல் நான். பக்கத்தில் மிச்சப் பார்லிச் சாக்கு. என் கையில் லீற்றர் குவளை.

மூன்று பரப்பும் போன மனிதர், அப்படிக் கையை வீசி நடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் முதுகு திரும்பியதும் ஒரு குவளை பார்லியைச் சாக்கிலிருந்து அள்ளி ஸ்கெப்பவில் ஊற்றினேன். அடுத்த முறையும். அப்படி ஆறு தரம்.

விதை போய்க்கொண்டே இருந்தது. கீழ்ப்பக்கத்தில் ஒற்றையாய், வெள்ளைப் பூவோடு ஒரு செரி மரம் நின்றது. அப்பா அதையும் தாண்டி நாலு எட்டுப் போனபிறகுதான் கடைசிக் கோப்பை வெறுமையானது. "பாத்தியே, என்ர கை விதைப்புக் கை! ஒரு மணி வீணாப் போகேல்லை!" என்றார். நீல்ஸ் அங்கிள் கட்டையும் சுத்தியலுமாக வந்தார். மரத்தைப் பார்த்தார், தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது. எதையோ சொல்ல எனக்கு இடம் விட்டது போல இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். "விதை முடிந்த இடம்தானே" என்று சொல்லிக் கட்டையை அறைந்தார். போகிற வழியில் ஸ்கெப்பவின் விளிம்பில் விரலால் தட்டி, எனக்கு மட்டும் கேட்க, "தொப்மோல்" என்றார்.

பார்லி முளைத்தது, அப்பா அதை அப்படியே பசளையாகக் கொத்திப் புரட்டி, மிளகாயும் கத்தரியும் வைத்தார். டிசெம்பரில் செரி மரத்தின் நிழலில் மிளகாய்க் கன்றுகள் சோர்ந்தன. நீல்ஸ் அங்கிள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கத்து மரம்தானே என்று அப்பா அதன் இரண்டு பெரிய கொப்புகளை வெட்டினார். இங்கர் அன்ரி பின்வாசலில் வந்து நின்று பார்த்தா. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனா. அதன்பிறகு எங்களோடு கதைக்கவில்லை. வேலிக்கு மேலால் வந்துகொண்டிருந்த கேக்கும் நின்றது. "என்ன பிழை விட்டம்?" என்று அப்பா எத்தனை நாள் அம்மாவைக் கேட்டார்!

அடுத்த குளிருக்கு நீல்ஸ் அங்கிள் இல்லை. அன்ரி வீட்டை விற்றுத் தன் சகோதரியிடம் டென்மார்க்குக்குப் போகிற கிழமை, இந்த ஸ்கெப்பவோடு எங்கள் வாசலில் வந்து நின்றா. இது உன் மகளுக்கு என்று நீல்ஸ் சொன்னார் என்றா. பிறகு, அந்த மரம் இங்கே பிறந்து எட்டு நாளில் போன எங்கள் பிள்ளைக்கு நட்டது என்றும், நிலம் உங்களுடையதாய்ப் போனபிறகு நான் எப்படித் தடுக்கிறது என்றும் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனா. அப்பா கதிரையில் இருந்தார், இருந்தபடியே இருந்தார். அன்றைக்குப் பிறகு அந்த மண்ணில் அவர் கை வைக்கவில்லை.

ஸ்கெப்ப வந்தது, தலைதட்டுகிற கோல் வரவில்லை. நீல்ஸ் அங்கிள் சொல்ல மறந்தாரோ, வேண்டுமென்றே விட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது. நாங்கள் வீடு மாறிவிட்டோம். போன மாதம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்: புல் நிலத்தில் நாலு செங்கல் வீடுகள், விற்பனைப் பலகையில் சதுர மீற்றர். செரி மரம் நின்ற இடத்தில் ஒரு கார் நிற்கிறது. ஸ்கெப்பவும் இல்லை, பரப்பும் இல்லை, பக்கத்துச் சனத்தோடு அப்படிச் சத்தமாய்ச் சிரிக்கிற அப்பாவும் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் அவர் கொஞ்சம் பழைய ஆளாவார்: "ஒரு பாத்திரம் விதையில எவ்வளவு தூரம் போனனான் தெரியுமோ? என்ர கை விதைப்புக் கை." மரத்தைப் பற்றிச் சொல்லமாட்டார். நான் தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் எழும்பிவிடுவேன்.

இந்தத் தமிழ்ச் சங்க இதழ் உங்கள் கைக்கு வருவது எப்படியென்று உங்களில் பலருக்குத் தெரியும். எங்களிடம் தமிழ்த் தட்டச்சு இல்லை. கட்டுரைகளை ஸ்டென்சில் தாளில் ஒவ்வொரு எழுத்தாக எழுதித் தருபவர் அப்பா. கந்தோர் விட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரியும் பிசகாமல் எழுதுவார். இதையும் அவர்தான் எழுதவேண்டும், அதே கையால்.

ஆறு லீற்றர், அப்பா. நான்தான் ஊற்றினேன்.