பிடரியில் ஒரு கை

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில் குடோனில், பட்டப்பகலில், சூப்பர்வைசர் ஒருவன் என் பிடரியைப் பிடித்துப் பஞ்சுப் பொதி மேல் குப்புற அமுக்கி என்னைக் கெடுத்தான். பெண்களுக்குத்தான் அப்படிச் சொல்வோம், எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நானோ முப்பது வயசு தாண்டியவன், மூட்டை தூக்கும் உடம்பு. வெளியே சொன்னால், "ஏலே, நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்த?" என்றுதான் கேட்பார்கள். மூச்சு விடாமல் வேலையை விட்டேன்.

அதோடு முடிவெட்டப் போவதும் நின்றது. கழுத்துக்குப் பின்னால் ஒரு கை வந்தாலே தட்டிவிட்டு எழுந்துவிடுவேன். முடியும் தாடியும் காடாக வளர்ந்தன. நேர்த்திக்கடன் என்று தெருவே நினைத்துக்கொண்டது. "பெருமாளுக்கா?" என்றவர்களுக்குத் தலையாட்டி வைத்தேன். என் மனைவி, பாவி மக, பிள்ளை வரம் கேட்டு வளர்க்கிறேன் என்று பூரித்துப்போனாள். அவள் கை பட்டாலே நான் சுவரோரம் ஒதுங்குகிறவன். பிள்ளை எங்கிருந்து வரும்?

புரட்டாசி சனிக்கிழமை அவளே என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்கு முடி இறக்கிருவோம். இதுக்குப் பொறவும் நீங்க ஒதுங்குனா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

அடிவாரத்தில் முடி எடுக்கிறவர் தலையை நனைத்து, வழக்கம்போல் பிடரியில் கை வைத்துக் குனிய வைத்தார். பாவம், அவருக்கென்ன தெரியும்? தள்ளிவிட்டு ஓடிப்போய் ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்தவளிடம் ஈரத் தலையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அசிங்கமாக இருந்தது. அழுதேன்.

"அவன் கை அழுகிப்போக" என்றாள். பிறகு, "உங்களுக்கு வேற எவளோ இருக்கான்னு நெனச்சுட்டேன். முடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வாங்க வீட்டுக்குப் போவோம்."

எனக்குத்தான் போக மனமில்லை. திரும்பிப் போய், "அண்ணே, கழுத்தைப் பிடிக்காதிய, நானே குனியுதேன்" என்றேன். சரி என்றார். கத்தி ஓடி முடியும்வரை அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மொட்டைத் தலைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டு, "பூசட்டுமா?" என்று கேட்டாள். முன்னால் மட்டும் என்றேன். பாதித் தலை சந்தனத்தோடு பஸ்ஸில் வந்தோம்.

பிறகு மதுரையில் மனநல மருத்துவரிடம் போனோம், இன்னும் போகிறோம். சில நாள் தேவலை, சில நாள் பழைய கதைதான். இந்தப் புரட்டாசியில் மறுபடியும் மொட்டை போட்டேன். அவள் சந்தனத்தோடு முன்னால் வந்து நின்றாள். "பின்னாலயும் பூசு" என்றேன்.