பதினேழாம் காற்றாலையில் மூன்று தட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் வேலை அப்படி. கன்னியாகுமரிப் பக்கம் சுற்றுகிற காற்றாலைகளின் அதிர்வை, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் உட்கார்ந்து கணினியில் பார்ப்பது. எந்தப் பேரிங் தேய்கிறது என்று அது உடைவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். காரணம் இல்லாமல் திரையில் கோடு துள்ளாது, அதுதான் நான் படித்த பாடம். இனிமேல் சொல்வதை நம்பினால் நம்புங்கள்.

என் வீட்டுக்காரர் அங்கேதான் டெக்னீஷியன். கல்யாணமாகி நான்கு வருடம் அவர் அங்கே, நான் இங்கே. ஏணியில் உச்சிவரை ஏறியதும், நிறுத்திவைத்த கியர்பாக்ஸில் ஸ்பேனரால் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அதிர்வை அளக்கிற சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டே போதும். மூன்றாவது எனக்கு. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று அர்த்தம். திரைக் கோட்டில் அந்த மூன்று தட்டும் மூன்று முள்ளாக எழும்பாமல் எனக்குச் சோறு இறங்காது.

எத்தனை நாள்தான் முள்ளோடு குடித்தனம் நடத்துவது? அழுது அடம்பிடித்து அவரை இங்கேயே வரவழைத்தேன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. சேர ஒரு வாரம் இருந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிவிட்டார், குறட்டை வேறு. பதினேழாம் காற்றாலை உதிரிப்பாகம் வராமல் நிறுத்திப் போட்டது, கோடு நேராகக் கிடந்தது. திடீரென்று இரண்டு முள். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

குனிந்து பார்த்தேன், அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். சைட் இன்சார்ஜுக்குப் போன் போட்டு, மேலே யார் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல மேடம். கதவு பூட்டிக் கெடக்கு, சாவி என் கையிலதான் இருக்கு."

சென்சாரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறையாவது, ஏதாவது ஒரு காற்றாலை நின்றிருக்கும் நேரம் பார்த்து அது வருகிறது. சிரிக்காதீர்கள், பயம் முதல் நாளோடு போய்விட்டது. பிறகு ஏக்கம்தான். இவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் காற்றாலை உச்சியில் இருக்கிற அந்த மனிதரை நினைத்துக்கொண்டு அடுக்களையில் நிற்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

முள் எழும்பிய நாட்களில் மட்டும், சாயங்காலம் வந்ததும் அவர் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்.

"இன்னான்னே தெர்லமா, காலு ரெண்டும் கடுக்குது. நாள் பூரா சேர்லதான் குந்திக்கினு இருந்தேன்."

எண்ணெய் தேய்த்துவிடுவேன். கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடக்கும், ஏணி ஏறி இறங்கிய காலம் போலவே. எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்க வாய்வரைக்கும் வரும். கேட்டால் போவதை நிறுத்திவிடுவாரோ என்று கேட்காமல் இருக்கிறேன்.