இரண்டு பாக்கெட் மனிதர்

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். முரட்டு மீசை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பயந்த கண்கள். சட்டையின் இடது பாக்கெட்டில் திருப்பதி டாக்டர் கொடுத்த நரம்பு வலி மாத்திரை. வலது பாக்கெட்டில் புத்தூர் பல் டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்.

“ரெண்டையும் சேத்துச் சாப்பிடலாமான்னு கேட்டீங்களா அண்ணா?”

“எப்பிடி சார் கேக்கறது? இன்னொரு டாக்டராண்ட போய்க்கினு இருக்கேன்னா கோச்சிக்குவாரே!”

இரண்டாம் தாரத்தை மறைப்பதுபோல் மறைத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். நரம்பு மாத்திரையை வாங்கிப் பார்த்த டாக்டர் சிரித்தார்.

“நான் குடுத்ததோட இதைத் தாராளமா சாப்பிடலாம். தூக்கமோ தலைசுத்தலோ அதிகமானா சொல்லுங்க. வேற மருந்து ஏதாவது?”

மனிதர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு பேன்ட் பாக்கெட்டிலிருந்து மெதுவாக வயிற்று கேஸுக்கான ஒரு டானிக் பாட்டிலை எடுத்தார். அது நகரி டாக்டர் கொடுத்ததாம்.

“இதைக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் நரம்பு மாத்திரை. இல்லாட்டி அது சரியா வேலை செய்யாது” என்றார் டாக்டர்.

மறுநாளும் மாத்திரைகள் தனித்தனிப் பாக்கெட்டில்தான் இருந்தன.

“அதான் ரெண்டும் சண்டை போடாதுன்னு சொல்லிட்டாரே?”

“மாத்திரைங்க போடாது சார்” என்றார், பாக்கெட்டைத் தடவிக்கொண்டே. “டாக்டருங்க?”