அட்டை பார்த்த கால்

ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதற்காக இலங்கை மலையகத்து ஹட்டனில் ஜப்பான் மொழி படித்தேன். வேலை கிடைத்தால் மூன்று வருடம். என் மகளுக்கும் மூன்று வயதுதான். அவள் என் மாமியாரிடம் இருப்பாள் என்று பேச்சு.

இடைநிலை வகுப்பில் இலக்கணத்தோடு வீட்டுக்குள் நுழையவும் சொல்லிக்கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றியதும் குனிந்து, அதன் முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். மறந்துவிடுவேனோ என்று பயந்து தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் தினமும் பழகினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

"உள்ள வரும்போதே வெளிய போற அவசரம்" என்றார் மாமியார்.

நேர்முகத் தேர்வன்று நல்ல மழை. கணினித் திரையில் ஒரு ஜப்பானிய அம்மையார். வாசற்படி என்று வைத்த பலகைக்கு முன்னால் நான். சப்பாத்தைக் கழற்றினேன். அதற்கு மேல் கை என் பேச்சைக் கேட்கவில்லை. சப்பாத்தைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு கால்விரல்களை விரித்து இடுக்கெல்லாம் பார்த்தது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவின் காலில் சிறுவயது முழுக்க அட்டை பார்த்த கை அது. பக்கத்தில் நின்ற எங்கள் ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

என்ன தேடுகிறீர்கள் என்று அந்த அம்மையார் கேட்டார். பாடப்புத்தகத்தில் நிலநடுக்கம் இருந்தது, குப்பை பிரிக்கும் நாட்கள் இருந்தன, அட்டை இல்லை. மழை நாளில் இரத்தம் குடிக்கும் சின்னப் பிராணி வரும், முதலில் காலைப் பார்ப்போம், பிறகுதான் வீட்டுக்குள் போவோம் என்று சொன்னேன். சாதாரண மரியாதைப் பேச்சா, உயர்ந்த மரியாதைப் பேச்சா, எது சரியென்று தெரியாததால் இரண்டு விதமாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "பெரியவங்க கால இப்படிப் பாக்குற ஆள்தான் வேணுமாம். ஒரு வருசமா நான் கத்துனது வீண். அட்டதான் ஒங்கள பாஸாக்கிருக்கு."

மகளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். ஜப்பான் மொழியில் சுலபமாக வந்தது. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் மகள் வாசலில் குந்தியிருந்தாள். என் செருப்பு வெளியே பார்த்தபடி இருந்தது. அதை ஒட்டி அவளுடைய குட்டிச் செருப்பும்.

"என்னோடதயும் திருப்பி வச்சிட்டேம்மா."

நான் அந்தக் குட்டிச் செருப்பை எடுத்துக் கவிழ்த்து, அட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். இல்லை. மறுபடியும் தட்டினேன்.